பொருள்: பிவட் டேபிள் – திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்பர்களே,
சமூகப்பணி மாணவர்களுக்கான செய்முறைக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. வினாநிரல் (கேள்விப் படிவம்) தரவை லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலகத் தொகுப்பு மென்பொருளில் பகுத்தாய்வதென்று துறை முடிவெடுத்துவிட்டது. படிவம் அதன் எழுத்துச் செயலியான ரைட்டரில், கணக்கு அதன் விரிதாளான கால்க்கில். உரிமக் கட்டணமும் இல்லை. கால்க்கில் தரவு வரிசைகளைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளுக்குத்தான் சொல் அமையவில்லை. 'சுழல் அட்டவணை' என்றால் சுழற்சி முறை வேலைப் பட்டியல் என்று நினைக்கிறார்கள்.
– செ.

குறுக்கு அட்டவணை. புள்ளியியலில் பழகிய சொல்தானே?
– கா.

கா. ஐயா, அது இரண்டு மாறிகளைக் குறுக்கே நிறுத்தினால் கிடைக்கும் விளைவு. இந்தக் கருவி ஒரே கேள்வியின் அலைவெண்ணையும் (எந்த விடை எத்தனை முறை வந்தது என்பதையும்) தரும், சராசரியும் தரும். 'தொகுப்பு அட்டவணை' எனலாம்.
– ந.

'அலுவலகத் தொகுப்பின் தொகுப்பு அட்டவணை' என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.
– செ.

பிவட்டுக்கு, அதாவது சுழலும் முனைக்கு, தமிழில் சொல் இல்லையா? கீல் வருவதற்கு முன்பே நம் கதவுகள் குடுமியில் சுழன்றன. 'குட' என்பது வளைவுக் கருத்து வேர்: குடம், குடை, குடந்தை. ஆகவே குடுமி அட்டவணை. அட்டவணையும் மராத்தி வழி வந்தது. 'நிரல்' என்றே வைக்கலாம்.
– மு.

மு. ஐயா, ஈழத்தில் நிரல் என்றால் நெடுவரிசை. கணினிக்காரர்களுக்கு அது ஆணைத்தொடர். போதாததற்கு வினாநிரல் வேறு. (எங்கள் ஊரில் அதை வினாக்கொத்து என்போம், அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.) குடுமி அட்டவணையைக் கேட்டு வகுப்பு சிரித்து முடிக்கவே ஒரு பாடவேளை போகும்.
– கா.

ஆங்கிலத்திலேயே இந்தப் பெயர் நிலையாக இருந்ததில்லை. லிப்ரே ஆபீஸின் முன்னோடியான ஓப்பன் ஆபீஸில் 'டேட்டா பைலட்'. 2011இல் லிப்ரே ஆபீஸ் 3.4 வந்தபோதுதான் பிவட் டேபிள் ஆனது. அவர்கள் விமானியைக் கைவிட்டார்கள், நாம் குடுமியைக் கைவிடலாம். செயலைப் பார்த்துப் பெயர் வைப்போம்: நூறு வரிசைகளைப் பத்து வரியில் சுருக்குகிறது. சுருக்க அட்டவணை.

செ. அம்மாவுக்கு ஒன்று: பெயர் எதுவானாலும், தரவுப் புலத்தில் இயல்பாக வரும் 'கூட்டுத்தொகை'யை 'எண்ணிக்கை' என்று மாற்றச் சொல்லிக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதற்கு இட்ட 5 என்ற குறியீட்டை மாணவர்கள் கூட்டி வைத்துவிடுவார்கள். தரவை உள்ளிடும்போது ஒருவருக்கு ஒரு வரிசை, ஒரு கேள்விக்கு ஒரு நெடுவரிசை. பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியென்றால் விடைக்கொரு நெடுவரிசை.
– ந.

சுருக்கம் என்றால் தோலில் விழுவதும்தான். விரித்துப் பார்க்கவும் உதவும் கருவிக்கு இது எப்படிப் பொருந்தும்?
– மு.

'சுருக்க அட்டவணை' என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் அருகே 'பிவட் டேபிள்' என்று தமிழ் எழுத்தில் இருக்கும். திரையில் மாணவர்கள் தேடப்போவது அதைத்தான்.
– செ.

சரி. அடுத்த பதிப்பு எப்போது?
– மு.