வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை: பள்ளி மன்றங்களில் நமக்கு நேர்ந்தவை

தொடக்கப் பகிர்வு – தஞ்சை மாவட்டம், அரசு உயர்நிலைப் பள்ளி, 1990களின் தொடக்கம்

எங்கள் பள்ளித் தகவல் பலகையில் 7 மன்றங்களின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தாலும், உண்மையில் உயிரோடு இருந்தது தமிழ் இலக்கிய மன்றம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் 8ஆம் வகுப்பு முதல் 10ஆம் வகுப்பு வரையுள்ள அனைவரும் வேப்பமரத்தடியில் அமர்வோம். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, சென்ற கூட்டத்தின் அறிக்கை, இரண்டு பேச்சுகள், ஒரு பாட்டு, தலைமையுரை, நன்றியுரை, நாட்டுப்பண் என்ற நிரல் ஒருநாளும் மாறியதில்லை. மழை வந்தால் மட்டும் பாட்டு கைவிடப்படும்.

பேசுவோர் எப்போதும் அதே நால்வர்தாம். என் குரல் எடுபடாது என்பதால், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே தகுதியில் தமிழ் ஐயா என்னை மன்றச் செயலர் ஆக்கினார். ஒவ்வொரு பேச்சாளரும் என்ன சொன்னார் என்பதைச் செயலர் கூட்ட அறிக்கையில் ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும் என்பது அவர் வைத்த விதி. அதற்காகக் கவனித்துக் கேட்கத் தொடங்கிய பிறகுதான், அந்நால்வரும் நூலகத்தில் இருந்த ஒரே மேடைப்பேச்சுத் தொகுப்பை மாறிமாறி மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள் என்பது எனக்குப் புலப்பட்டது. கற்பில் சிறந்தவர் கண்ணகியா, மாதவியா என்ற பட்டிமன்றம் மூன்று ஆண்டுகளில் மூன்று முறை நடந்தது. மூன்று முறையும் நடுவர், ‘இருவருமே சிறந்தவர்கள்’ என்று தீர்ப்பளித்தார். ஒரு வாரம், ‘10ஆம் வகுப்பு மாணவர், சென்ற மாதம் 9ஆம் வகுப்பு மாணவர் ஆற்றிய உரையையே ஆற்றினார்’ என்று எழுதி, அடுத்த கூட்டத்தில் அதை வாசித்தும் விட்டேன். மரத்தடி சிரிப்பில் அதிர்ந்தது. ஐயா என்னைத் தனியே அழைத்து, “அறிக்கையில் உன் கருத்தை எழுதாதே, நடந்ததை மட்டும் எழுது” என்றார். “நடந்ததுதான் ஐயா” என்றேன். அவர் சிறிது நேரம் குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையொப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வாரம் முதல், பேசப்போகும் தலைப்பை மேடையில் சீட்டெடுத்துத் தெரிந்துகொள்ளும்படி முறையை மாற்றினார். பேச்சுகள் மிகவும் மோசமாக இருந்தன. ஆனால் எவரும் உறங்கவில்லை.

இரண்டாம் பகிர்வு – மதுரை, மகளிர் மேல்நிலைப் பள்ளி

முதற்பகிர்வை எழுதிய தங்களுக்குக் குரல் எடுபடவில்லை; எனக்கு உயரம் போதவில்லை. 8ஆம் வகுப்பில் தேசிய மாணவர் படையின் இளையோர் பிரிவில் சேர்ந்த நாளில், ‘லம்பா தாயினே, சோட்டா பாயேன்’ என்று ஹவில்தார் முழங்கியதன் பொருள் எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. நெட்டையானவர்கள் வலப்பக்கம், குட்டையானவர்கள் இடப்பக்கம் என்று அவரே ஆளாளாகத் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டுப் போனதில், வரிசையின் இடக்கோடி எனக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் நிலைத்த இடமாயிற்று. ‘சோட்டா’ என்பது என் பட்டப்பெயராகவும் ஆயிற்று. 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றிய நமது சட்டப்பேரவை, இப்படையின் இந்திக் கட்டளைச் சொற்களைக் கைவிட வேண்டும் என்றும் அதில் கோரியிருந்தது என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன். பொருள் தெரியாத சொல்லுக்கு உடம்பு மட்டும் திரும்பப் பழகுவதன் விந்தையை, வெயிலில் நின்றவர்கள் அறிவார்கள்.

‘ஏ’ சான்றிதழுக்கான செய்முறைத் தேர்வில் ஒவ்வொருவரும் அணிக்குக் கட்டளையிட்டுக் காட்ட வேண்டும். நான் ‘பாயேன் முட்’ என்று கத்தியதும், அதுவரை என் தலைக்கு மேலாகப் பார்த்துப் பேசி வந்த தோழிகள் அத்தனை பேரும் ஒரே அடியாக இடப்பக்கம் திரும்பினார்கள். எனக்கே அச்சமாகிவிட்டது; ‘தேஸ் சல்’ (விரைந்து நட) சொன்ன பிறகு ‘தம்’ (நில்) சொல்ல நான் மறந்துவிட, அவர்கள் மதிற்சுவர் வரை நடந்து போய் அங்கேயே கால் மாற்றி நின்றார்கள். ஆயினும் தேர்ச்சி கொடுத்தார்கள். அணிவகுப்பு முடிந்ததும் கிடைக்கும் பூரிப் பொட்டலத்துக்காகவே சேர்ந்தவர்கள் எங்களில் பாதிப்பேர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் பகிர்வு – இராமநாதபுரம் மாவட்டம்

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு நாங்கள் ஐவர் ஓர் ஆய்வு செய்தோம். 1993 முதல் நடந்துவரும் இம்மாநாட்டைத் தமிழ்நாட்டில் ஒருங்கிணைத்து வந்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு, தாய்மொழியிலேயே அறிக்கை எழுதலாம் என்பது எங்களைப் போன்ற பள்ளிகளுக்குப் பெரிய கதவு. நாங்கள் ஊரிலுள்ள 11 கிணறுகளின் நீர்மட்டத்தை, முழத்துக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, வாரந்தோறும் அளந்தோம். 10 கிணறுகளில் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. ஒன்றில் மட்டும் அசையவில்லை. வரைபடம் அழகாக வரட்டும் என்று அந்தக் கிணற்றை விட்டுவிட நாங்கள் முடிவு செய்தபோது, வழிகாட்டி ஆசிரியை ஒப்பவில்லை. மாவட்ட அளவில் நடுவர் கேட்ட முதல் கேள்வியே அதைப் பற்றித்தான். எங்களுக்கு விடை தெரியவில்லை. மாநில அளவுக்குத் தேர்வாகவுமில்லை. ஊர் திரும்பியபின் கிணற்றுக்காரப் பாட்டியிடம் கேட்டோம். “என்னை அப்பவே கேட்டிருக்கலாமே, அது ஊருணி ஊற்றாச்சே” என்றார். அளக்கப் போன அத்தனை வாரங்களிலும் அவர் எங்களுக்கு மோர் கொடுத்திருக்கிறார். நாங்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை.

நான்காம் பகிர்வு – பணியிலுள்ள தமிழாசிரியை, விழுப்புரம் மாவட்டம்

மூவரின் பதிவுகளையும் படித்தபோது சற்றுக் குற்ற உணர்வு ஏற்பட்டது. இப்போது இலக்கிய மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், இளையோர் செஞ்சிலுவைச் சங்கம் ஆகிய மூன்றுக்கும் பொறுப்பாசிரியர் நான் ஒருத்தியே. கூட்டம் நடத்துவதைவிட நடத்தியதற்கான படத்தைப் பதிவேற்றுவதில் நேரம் கழிகிறது. 2022–23 முதல் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழாப் போட்டிகள் பல குழந்தைகளை மேடையேற்றியிருப்பதை மறுக்க மாட்டேன்; ஆனால் வட்டாரம், மாவட்டம் என்று வெல்லக்கூடியவர்களையே தேடி அனுப்பும் பழக்கம் என்னையும் தொற்றிக்கொண்டது. மேடையேறாதவர்களுக்கு நான் எந்த வேலையும் கொடுத்திருக்கவில்லை.

முதற்பகிர்வைப் படித்த பிறகு, 9ஆம் வகுப்பில் யாரோடும் அதிகம் பேசாத ஒரு மாணவியிடம் 80 பக்கக் குறிப்பேடு ஒன்றைக் கொடுத்து, நடந்ததை மட்டும் எழுது என்று சொன்னேன். நேற்று தன் முதல் அறிக்கையை வாசித்தாள். அதன் முதல் வரி: ‘பொறுப்பாசிரியர் 12 நிமிடம் தாமதமாக வந்ததால் கூட்டம் தாமதமாகத் தொடங்கியது.’ கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறேன்.