சொந்தமா ஸ்போர்ட்ஸ் கார் கட்டுனா ரோட்ல ஓட்ட முடியுமா?

திருநகர்_பய:
அண்ணன்மாரே, லோட்டஸ் செவன் மாதிரி கூரையில்லாத ரெண்டு சீட்டு வண்டி ஒண்ணு நாமளே கட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. கப்பலூர்ல சொந்தக்காரர் வெல்டிங் பட்டறை வெச்சிருக்காரு, பழைய மாருதி 800 ஒண்ணு சல்லிசா வருது. வீட்ல என்னன்னா "எல்லாம் கரண்ட்டு வண்டி ஆகப்போகுது, இப்பப் போயி பெட்ரோல் இன்ஜின வெச்சு என்னத்தடா கட்டப்போற"ங்குறாங்க. கட்டி முடிச்சா நத்தம் ரோட்டு பாலத்துல ஒரு ரவுண்டு விடலாமா, இல்ல ஷெட்டுக்குள்ளயே நிக்குமா?

ஸ்பேனர்_சித்தப்பு:
தம்பி, கரண்ட்டா பெட்ரோலாங்குறதெல்லாம் அப்புறம், மொதல்ல நம்பர் பிளேட்டுக்கு என்ன பண்ணுவ? மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி கம்பெனி குடுத்த அமைப்ப இஷ்டத்துக்கு மாத்தக்கூடாது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே அடிச்சு சொல்லிருச்சு, அதனால 800 ஆர்சி புக்க வெச்சு ஓட்டிரலாம்னு எவனாச்சும் சொன்னா நம்பிறாத. புதுசா பதியணும்னா புனே ஏஆர்ஏஐ, ஒரகடம் ஜிஏஆர்சி மாதிரி வண்டி டெஸ்ட் பண்ற எடத்துல குடுத்து, இந்த மாடல் ரோட்ல ஓடலாம்னு டைப் அப்ரூவல் வாங்கணும், அதெல்லாம் கம்பெனிக்காரய்ங்க போற வழி. இங்கிலாந்துல ஒத்த வண்டிக்கே ஐவிஏன்னு டெஸ்ட் வெச்சு நம்பர் குடுக்குறாய்ங்க, இங்கிட்டு அது வர்ற வரைக்கும் டிராக் வண்டியா கட்டிக்க. ட்ரெய்லர்ல ஏத்துனா கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல கரி ஸ்பீட்வேன்னு ரேஸ் டிராக் இருக்கு. அது யாரு பேருங்குற? ஃபார்முலா மாருதிங்குற ரேஸ் கார கட்டுன கரிவரதன் பேருதேன், அதுலயும் இதே மாருதி இன்ஜின்தேன்.

ரிங்ரோடு_ராசா:
800 வேணாம்டா, ஓம்னி பாரு. ரெண்டுலயும் அதே 796 சிசி இன்ஜின்தான், ஆனா 800ல முன்சக்கரம் இழுக்கும், ஓம்னியில பின்சக்கரம் தள்ளும், செவன் டைப்புக்கு அதான் தோதா வரும். அப்புறம் சேஸிஸ், ஒரு இஞ்சு சதுர பைப்பு, ஒரு பக்கமா முழுசா வெல்டிங் அடிச்சுக்கிட்டே போனேன்னு வையி, சூட்டுல ஃப்ரேம் முறுக்கிக்கும். எல்லா ஜாயின்ட்டுக்கும் மொதல்ல பொட்டு மட்டும் வெச்சு, மூலைக்கு மூலை டேப்பு புடிச்சு அளந்துட்டு, அப்புறம் அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி அடிக்கணும்.

வோல்ட்டு_வேலு:
வீட்ல சொல்றதும் தப்பில்ல. இப்ப செவன் வண்டிய கட்டி விக்கிற கேட்டர்ஹாம் கம்பெனிக்காரய்ங்களே 2023ல கரண்ட்டு செவன் காமிச்சாய்ங்க. ஆனா 700 கிலோக்குள்ள அடக்கவே அம்புட்டு பாடு, அவிங்களோட சுசுகி இன்ஜின் போட்ட 170ங்குற மாடல் வெறும் 440 கிலோதான். பக்கத்து சீட்டுலயும் மடியிலயுமா மூணு ஆளு உக்காந்தா வண்டி எப்படி திரும்பும், அப்படி இருக்கும். டிராக்ல இருபது நிமிசம் மிதிச்சுட்டு சார்ஜுக்கு நிக்கணும். பேட்டரி எடை கொறையட்டும், அப்ப நானே மாத்துறேன்.

திருநகர்_பய:
பாலம் போச்சா 😭 சரி, ஓம்னி எடுத்தா பின் ஆக்ஸிலோட அகலத்த அப்படியே வெச்சுக்கலாமா, வெட்டிச் சுருக்கணுமா?

ரிங்ரோடு_ராசா:
வெட்டாத. ஆக்ஸிலுக்குத் தக்கன ஃப்ரேம வரை. தரைக்கு சாக்பீஸ்ல நேர் சைஸ்ல போட்டுப் பாத்து போட்டோ போடு.