கௌடில்லோ: 'சர்வாதிகாரி' வேண்டாம், 'ஆள்கட்டுத் தலைவர்'?

அனைவருக்கும் வணக்கம்.

ஐயா, தன் சொந்த ஆட்களின் பலத்தால் ஒரு வட்டாரத்தையே கையில் வைத்திருந்த லத்தீன் அமெரிக்கத் தலைவரைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லான 'கௌடில்லோ'வுக்குத் தமிழில் 'சர்வாதிகாரி' போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒட்டவில்லை. அர்ஜென்டினாவின் எழுத்தாளரும் அதிபருமான சர்மியெந்தோவின் வாழ்க்கையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் பக்கத்துக்குப் பக்கம் இந்தச் சொல் வந்து நிற்கும். அதனால் அவரை வைத்தே பார்ப்போம்.

1811-இல் அங்கே சான் ஹுவானில் பிறந்தவர். புவெனோஸ் ஐரஸை ஆண்ட ரோசாஸை எதிர்த்துச் சிலி நாட்டுக்குப் போனவர், 1845-இல் அதன் தலைநகர் சந்தியாகோவின் நாளிதழ் ஒன்றில் 'ஃபக்குந்தோ' என்ற நூலைத் தொடராக எழுதினார். அர்ஜென்டினாவின் லா ரியோஹா மாகாணத்துக் கௌடில்லோ ஃபக்குந்தோ கிரோகாவின் கதை அது. அதில் ஒரு ஜாகுவார் துரத்த, கிரோகா ஒரு சின்ன மரத்தில் ஏறித் தொற்றிக்கொள்வார். அது கீழேயே கிடக்கும், கண் அவர் மேலேயே இருக்கும். நண்பர்கள் வந்து சுருக்குக்கயிறு வீசி அதைப் பிடித்த பிறகுதான் இறங்குவார். 'சமவெளிப் புலி' என்று பெயர் வாங்கிய அவருடைய பலம் பதவியில் இல்லை. அவர் கூப்பிட்டால் குதிரையேறி வர ஆட்கள் இருந்தார்கள், அதில் இருந்தது.

ரோசாஸ் கதை இன்னும் தெளிவு. பண்ணையாட்களைப் படையாகத் திரட்டியபோது அவர் கௌடில்லோ. 1835-இல் புவெனோஸ் ஐரஸ் சட்டமன்றம் முழு அதிகாரத்தையும் அவர் கையில் கொடுத்தபோது சர்வாதிகாரி. ஒரே ஆளுக்கு இரண்டு சொல்லும் வேண்டும்.

'பாளையக்காரர்' ஆகாது, பாளையம் மேலே இருந்த அரசர் கொடுத்தது.

ஊரில் 'அவருக்கு ஆள்கட்டு அதிகம்' என்கிறோமே, அதுதான் இது. 'ஆள்கட்டுத் தலைவர்' என்று வைக்கலாம். கௌடில்லோவின் லத்தீன் வேரும் தலையைக் குறிப்பதுதான், 'தலைவர்' அங்கே இயல்பாக உட்காரும்.

இன்னொரு காரணமும் உண்டு. 'கொடுங்கோலன்' மாதிரி வசைச்சொல் வைத்தால் சர்மியெந்தோவின் கட்சியில் நாமும் சேர்ந்துவிடுவோம். 1863-இல் பெஞ்ஞாலோசா என்ற கௌடில்லோ சரணடைந்த பிறகு கொல்லப்பட்டார், தலையை ஓல்தா ஊரில் கம்பத்தில் செருகி வைத்தார்கள். அப்போது சான் ஹுவான் ஆளுநராக இருந்த சர்மியெந்தோ, செய்த விதத்துக்காகவே அதைப் பாராட்டி அதிபர் மித்ரேக்கு எழுதினார். 1868 முதல் 1874 வரை அதிபராக இருந்து பள்ளிகளுக்காகப் பாடுபட்டவரும் இவரேதான். இவர் இறந்த செப்டம்பர் 11 இன்றும் அர்ஜென்டினாவில் ஆசிரியர் நாள். அவருடைய கோபம் வாக்கியத்தில் வரட்டும், கலைச்சொல்லுக்குள் வேண்டாம்.

அப்புறம், இந்த அரசியல் முறைக்கே பெயர் வேண்டுமென்றால் 'ஆள்கட்டு அரசியல்'. புணர்ச்சிப்படி 'ஆட்கட்டு' என்று எழுதுவதா, பேச்சில் உள்ளபடியே விடுவதா? நான் பேச்சின் பக்கம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.