மறு: ரிலே பழுதுகளுக்குச் சொல்: பிடியாப் பழுது, விடாப் பழுது

அன்புள்ள குழுவினருக்கு,

ரிலே என்னும் மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுக்கும் அதன் பழுதுகளுக்கும் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சுக்கு என் பதில் இது.

> ரிலேக்கு ‘அஞ்சல்’ என்றே வைத்துவிடலாம். இலங்கையில் அஞ்சலோட்டம் என்றுதானே சொல்கிறார்கள்?

தந்திக் காலத்து ரிலேக்கு இது நன்றாகவே பொருந்தும். நெடுந்தூரம் வந்து நலிந்த குறிப்பை வாங்கி, புது மின்கலத்தின் வலுவோடு அடுத்த கம்பிக்கு அனுப்புவதுதான் அன்று அதன் வேலை. வண்டி பேட்டரி சார்ஜருக்குள் இருக்கும் ரிலே எதையும் வாங்கிக் கைமாற்றுவதில்லை. உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில் சில பத்து மில்லி ஆம்பியர் ஓடினால், பத்து ஆம்பியர் போகும் பாதையை இணைத்துக்கொடுக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் ரிலே என்கிறார்கள், அப்படியே இருக்கட்டும். நமக்குச் சொல் இல்லாமல் தவிப்பது அதன் பழுதுகளைச் சொல்லும்போதுதான்.

“ரிலே போயிடுச்சு” என்ற ஒரே பேச்சில் நேரெதிரான இரண்டு பழுதுகளை அடக்கிவிடுகிறோம். ஒன்றில் சுருளுக்கு மின்சாரம் வந்தும் பாயிண்ட் (பாதையை இணைக்கும் தொடுமுனைகள்) ஒன்றுசேராது, பேட்டரி ஏறாது. இன்னொன்றில் மின்சாரத்தை நிறுத்தினாலும் பாயிண்ட் உருகி ஒட்டியபடி நிற்கும். என் கவலை இந்த இரண்டாவதைப் பற்றியது. முழு சார்ஜ் ஆனதும் ரிலேவை வைத்துத் துண்டிக்கும் சார்ஜர்களில், 12 வோல்ட் பேட்டரி 14.4 வோல்ட்டைத் தாண்டியும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். பேட்டரித் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் கிளம்பும், பக்கத்தில் ஒரு பொறி போதும். கிளிப்பைத் தலைகீழாக மாட்டும்போது காப்பதும் பல சார்ஜர்களில் இதே ரிலேதான். அந்தக் காவலும் போய்விடும். இவ்வளவு வேறுபட்ட இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால், கேட்பவர் எங்கிருந்து சோதனையைத் தொடங்குவார்?

> ஒட்டுப் பழுது, ஒட்டாப் பழுது என்று வைத்தால் என்ன?

பொருள் சரிதான். ஆனால் போனில் சொல்லும்போது ‘ஒட்டு’வும் ‘ஒட்டா’வும் காதில் ஒன்றாகவே விழும். மெக்கானிக்குகள் வாயில் ஏற்கெனவே நல்ல வினைகள் இருக்கின்றன: “ரிலே பிடிக்கல”, “ரிலே விடல”. அதிலிருந்தே பிடியாப் பழுது, விடாப் பழுது என்று எடுக்கலாம். பொய்யாமொழி, வாடாமலர் போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். விடாப்பிடி என்ற சொல்லும் பழகியதே. ‘விடா’ என்பதைத் ‘தீராத’ என்று சிலர் எடுத்துக்கொள்ளக்கூடும். இரண்டும் இணையாகவே புழங்கினால் அந்த மயக்கம் வராது.

இந்த இரு வினைகளிலிருந்து மற்ற சொற்களும் தாமே கிளைக்கின்றன. 12 வோல்ட் ரிலே பெரும்பாலும் 9 வோல்ட்டுக்குள் பிடித்துவிடும், அது பிடிவோல்ட். பிடித்தபின் 9-க்குக் கீழே போனாலும் உடனே விடாது. சில வகைகளில் 1 வோல்ட் அருகே வரை இறக்க வேண்டியிருக்கும், அது விடுவோல்ட்.

சோதிக்கும் முறையை எழுதிப் பார்த்தால் சொல் நிற்குமா என்று தெரிந்துவிடும்:

“மெயின் பிளக்கையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, இயல்பில் ஒன்றுசேராமல் இருக்க வேண்டிய பாயிண்ட் முனைகளுக்கு இடையே மீட்டரை வை. தொடர்பு காட்டினால் விடாப் பழுது. காட்டாவிட்டால் சுருளை அள. பலகையில் பற்றவைத்த சிறிய 12 வோல்ட் ரிலேயில் ஏறத்தாழ 400 ஓம் வரும், 30 ஆம்பியர் வகையில் 160 ஓம் அருகே. எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது, பிடியாப் பழுது. சுருள் நன்றாக இருந்தால் அதை ஓட்டும் டிரான்சிஸ்டரைப் பார்.”

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. ‘டக்’ என்று சத்தம் வரும், பிடிக்கும், விடும், ஆனால் பாயிண்ட் கருகியிருக்கும். இதற்கு மீட்டரின் ஓம் அளவை நம்ப வேண்டாம். மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரத்துக்குக் கருகிய பாயிண்டும் நல்லதாகவே தெரியும். 10 ஆம்பியர் ஓடும்போது பாயிண்டின் இருபுறமும் அளந்தால் 0.5 வோல்ட் விழுந்திருக்கும். அப்படியென்றால் ஒரு கடுகளவு இடத்தில் 5 வாட் சூடு. இதற்குப் புதுச்சொல் தேவையில்லை, கருகல் போதும்.

விடாப் பழுதுக்கு ரிலேவை மட்டும் மாற்றி முடித்துவிடக் கூடாது என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். பாயிண்ட் ஒன்றுசேரும் நொடியில் சார்ஜரின் வெளியீட்டுப் பக்கம் இருக்கும் கெப்பாசிட்டருக்கும் (மின்தேக்கி) பேட்டரிக்கும் இடையே பாயும் மின்சாரம்தான் பல நேரம் அதை உருக்குகிறது. அதைக் கவனிக்காவிட்டால் புது ரிலேயும் ஒட்டிக்கொள்ளும்.

ரிலே போலவே வேலை செய்யும் பம்புசெட் கான்டாக்டர், வண்டியின் ஸ்டார்ட்டர் சோலினாய்டு இரண்டிலும் இதே பழுதுகள் உண்டு. அந்த வேலை தெரிந்தவர்கள், உங்கள் ஊரில் இவற்றை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். இதைவிட நல்ல சொல் அங்கே இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.