ஆஸ்திரேலியாவின் டார்வின்–அடிலெய்ட் சோலார் கார் பந்தயம்: இன்னும் உறுத்துகிற ஒரு காட்சியை எழுதுங்கள் (மன்றப் பதிவுகள்)

தெற்குநோக்கி

கான்வாய், அதாவது முன்வண்டி, சோலார் கார், பின்வண்டி என்ற வரிசை, எப்படிப் போகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். டென்னன்ட் கிரீக் என்ற ஊரைத் தாண்டி மதிய வெயில். சோலார் கார் மணிக்கு 85 கி.மீ. முன்வண்டியிலிருந்து ரேடியோவில், “எதிரே ரோடு டிரெயின், மூன்று பெட்டி.” அந்த லாரிகள் 53.5 மீட்டர் வரை நீளம். காரோ ஓட்டுநரையும் சேர்த்து 250 கிலோ இருந்தாலே அதிகம். லாரியின் 100-ஐயும் கூட்டினால் மணிக்கு 185 கி.மீ. முழு லாரியும் காரைக் கடக்க ஒரு நொடிதான்.

அன்று காற்று மேற்கிலிருந்து, அதாவது தெற்கே போகும் காருக்கு வலப்பக்கத்திலிருந்து. அதைச் சமாளிக்க ஓட்டுநர் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கமாகவே பிடித்திருந்தார். லாரியின் மூக்கு வந்ததும் அது முன்தள்ளிய காற்று காரை இடப்பக்கம் தள்ளியது. அடுத்து லாரியே காற்றை மறைத்துவிட்டது, கூடவே அதன் பக்கவாட்டு உறிஞ்சலும் சேர்ந்துகொண்டது. பிடித்திருந்த ஸ்டியரிங் காரை லாரி பக்கமே கொண்டுபோனது. வால் கடந்ததும் மேற்குக் காற்று திரும்ப ஓங்கி அடித்தது. இடப்பக்கச் சக்கர மூடி சரளையில் உரசி, செம்மண் ஒரு விசிறலாக எழும்பியது.

அந்த விசிறல்தான் கண்ணிலேயே நிற்கிறது. முன்வண்டி ரோடு டிரெயின் என்று மட்டும் சொல்லாமல், “காற்று வலப்பக்கம், மறைக்கும்” என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் ஓட்டுநர் முன்னமே கையைத் தளர்த்தியிருப்பார்.

மூன்றாம்சக்கரம்

இதில் எனக்கு உடன்பாடில்லை. ரேடியோவில் சொல் கூடக்கூட ஓட்டுநரின் கவனம் சிதறும். செய்யவேண்டியது ஒன்றே: லாரி தெரிந்த உடனே க்ரூஸ் கன்ட்ரோலை விட்டு, 10 கி.மீ. குறைத்து, சாலையின் இடப்பாதிக்கு நடுவிலேயே ஓடுவது. விளிம்புக்கு ஓடக்கூடாது. ஓரத்தில் தார் முடிந்து மண் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழ்வாக இருக்கும். 16 அங்குல ஒல்லி டயர் அதில் இறங்கிவிட்டால் ஏறி வராது.

2019-ல் நெதர்லாந்தின் ட்வென்ட்டே அணியின் கார் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது காற்றின் ஓர் உதையில் சாலையை விட்டுப் போய் உருண்டது. அங்கே லாரி இல்லை, வெறும் காற்று. பக்கவாட்டுப் பரப்பு கொஞ்சம் பெரிதாக, எடை இவ்வளவு குறைவாக வைத்தால் எந்த அறிவிப்பும் காப்பாற்றாது. காற்று மானியை முன்வண்டியின் கூரையில் வைத்து, உதைக்கு ஒரு வரம்பு முன்கூட்டியே முடிவு செய்து, அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைப்பது என்று காலையிலேயே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். ஓடும்போது விவாதிக்க நேரம் கிடையாது.

நிழல்வேட்டை

நான் சொல்வது மாலை ஐந்து மணி சமாச்சாரம். ஓட்டம் காலை 8 முதல் மாலை 5 வரை. ஐந்துக்கு மேல் நல்ல இடம் தேட 10 நிமிடம் உண்டு, எடுத்த நிமிடம் மறுநாள் காலைப் புறப்பாட்டில் கழியும். ஓர் அணி 5:03-க்கு, மண் கெட்டியாக இருக்கிறதே என்று ஒரு வளைவில் ஒதுங்கியது. பேனல் மேலோட்டைக் கழற்றிச் சூரியனுக்கு நேரே சாய்த்தார்கள். எல்லாம் ஒழுங்கு. ஆனால் மேற்கே ஒரு வேலிக்கம்பம். இருபது நிமிடம் கழித்து அதன் நிழல், விரல் அகலம், பேனலின் குறுக்கே கோடாக விழுந்தது.

செல்கள் தொடராக இணைந்தவை. ஒரு செல் நிழலில் மாட்டினால் அந்தத் தொடர் முழுவதன் மின்னோட்டமும் அந்தச் செல்லின் அளவுக்கு இறங்கும். மாற்றுவழி தரும் பைபாஸ் டையோடு இருந்தால் மின்னோட்டம் நிழல்பட்ட பகுதியை மட்டும் தாண்டிப் போகும். நிழல் நீளவாக்கில் ஒரே தொடர்மேல் விழுந்தால் இழப்பு ஒன்றோடு நிற்கும். குறுக்கே விழுந்து எல்லாத் தொடரையும் தொட்டதால் ஒவ்வொன்றிலும் ஒரு பகுதி போனது. நான்கு பேர் பேனலைத் தூக்கி மூன்று மீட்டர் நகர்த்தினார்கள், கம்பத்தின் நிழல் தொடர்ந்து நீண்டுகொண்டே வந்தது. இறங்கும் இடத்தில் மேற்கு அடிவானம் சுத்தமா என்று முதலில் பாருங்கள், மண்ணைப் பிறகு பாருங்கள்.

ஆம்பியர்

@நிழல்வேட்டை, மாலைச் சார்ஜ் முக்கியம்தான், ஆனால் அதை இவ்வளவு பெரிதாக்க வேண்டாம். 2023 வரை இருந்த அளவான 4 சதுர மீட்டர் சிலிக்கான், 24 சதவீதத் திறன் என்றால் உச்சி வெயிலில் 960 வாட். மாலை ஐந்தரைக்கு நேரே சாய்த்தாலும் அதில் பாதிகூடத் தேறாத நாட்கள் உண்டு. உண்மையான இழப்பு பகலில், வேகத்தைக் கூட்டிக் குறைப்பதில்.

எனக்கு உறுத்துவது கூபர் பீடி என்ற ஊருக்குத் தெற்கே ஓர் அணி ஓடிய விதம். முன்னால் போகும் காரைக் கண்டதும் ஒரு மணி நேரம் 100, பிறகு பேட்டரி தீருமோ என்று பயந்து ஒரு மணி நேரம் 60. மொத்தம் 160 கி.மீ. காற்றுத் தடைக்குத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 100-ல் ஒரு மணி, 60-ல் ஒரு மணி என்பதை, இரண்டு மணி நேரமும் 80-ல் போவதோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுங்கள்: அதே தூரம், அதே நேரம், காற்றுக்கு மட்டும் கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடுதல் ஆற்றல். துரத்தலில் வாங்கிய இடத்தை மாலைக்குள் திருப்பிக் கொடுத்தார்கள்.

விதிவிலக்கு மேகம். மேகத்துக்கு அடியில் செலவழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் வரவில்லாத நிமிடம். அங்கே சற்று வேகம் கூட்டி வெளியே வந்து, வெயிலில் சற்றுக் குறைப்பதே லாபம். அதற்கு, காருக்கு 50 கி.மீ. முன்னால் ஒரு வேவு வண்டி ஓடி, மேகத்தின் நீளத்தைச் சொல்ல வேண்டும்.

பின்வண்டி

வேடிக்கை பார்க்கப் பின்தொடர்கிறவர்களுக்குச் சில சொல்ல வேண்டும், யாரும் கேட்கவில்லை என்றாலும்.

கான்வாயை முந்துவதென்றால் ஒரே மூச்சில் மூன்று வண்டியையும் முந்துங்கள். இடையில் புகாதீர்கள். பின்வண்டிக்கும் சோலார் காருக்கும் நடுவே நுழைந்த ஒரு வாடகை வேனைக் கண்டேன். ஜன்னல் வழியே கேமரா, சோலார் காருக்கு இரண்டு மீட்டர் பக்கத்தில். பின்வண்டிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. முந்தியபின் உடனே முன்னே வந்து வேகத்தைக் குறைக்கவும் கூடாது, உங்கள் வண்டியின் கலங்கிய காற்று நேரே அவர்கள்மேல் போகும்.

இருவழி (UHF) ரேடியோவை லாரிக்காரர்களின் 40-ஆம் சேனலில் வையுங்கள். முந்துவதற்கு முன் கேளுங்கள், பதில் வரும். எரிபொருள்: கூபர் பீடியில் நிரப்பாமல் கிளம்பினால் கிளெண்டாம்போ வரை 250 கி.மீ.க்கு ஒன்றும் கிடையாது. ஊர்களுக்கு வெளியே போன் சிக்னல் இருக்காது, ஆகவே நேரலை வரைபடத்தை நம்பாமல் கணக்குப் போடுங்கள்: ஒரு கட்டுப்பாட்டு நிலையத்தில் கார் கட்டாயம் 30 நிமிடம் நிற்கும், கிளம்பிய நேரத்தைக் குறித்து, சராசரி வேகத்தால் அடுத்த தூரத்தை வகுத்தால் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் பிடித்துவிடலாம். ஒரு நாளில் இரண்டு இடம் போதும். மூன்றாவதுக்கு ஆசைப்பட்டால் இருட்டில் ஓட்ட வேண்டிவரும், கங்காரு அந்த நேரத்தில்தான் சாலைக்கு வரும். சாலை வேகம் வடக்குப் பிரதேசத்தில் 130 வரை உண்டு, எல்லை தாண்டித் தெற்கு ஆஸ்திரேலியாவில் 110.

அடிலெய்டில் விக்டோரியா சதுக்கத்தில் காத்திருக்கிறவர்கள் பார்ப்பது ஊர்வலம்தான். பந்தய நேரம் நகருக்கு வெளியிலேயே முடிந்துவிடும். முடிவைப் பார்க்க விரும்பினால் நகருக்கு வெளியே, நேரம் முடியும் இடத்தில் நில்லுங்கள்.

மூன்றாம்சக்கரம்

@ஆம்பியர், 19 சதவீதம் காற்றுத் தடைக்கு மட்டும். டயரின் உருளல் தடை வேகத்தோடு அவ்வளவு ஏறாது, ஆகவே மொத்தத்தில் இழப்பு அதைவிடக் குறைவு. துரத்தியது தவறு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

2019-ன் கடைசி நாளை யாரும் எழுதவில்லையே. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் அணியின் கார் முன்னணியில், அடிலெய்ட் எட்டும் தூரத்தில், தீப்பிடித்தது. ஓட்டுநர் காயமின்றி வெளியே வந்தார். பெல்ஜிய அணி முதல்முறையாக வென்றது. இதில் வெற்றியைவிட முக்கியம் ஓட்டுநர் யார் உதவியும் இல்லாமல் சில நொடிகளில் வெளியேறப் பழகியிருந்தது. மேல்மூடியின் தாழ்ப்பாள் உள்ளிருந்து ஒரே அசைவில் திறக்க வேண்டும், பெல்ட் ஒரே அழுத்தலில் அவிழ வேண்டும், நீர்க்குழாயும் ரேடியோ வயரும் இழுத்தால் கழலும்படி இருக்க வேண்டும். பல அணிகள் முதல் இரண்டையும் சரியாகச் செய்துவிட்டு வயரில் கோட்டை விடுகின்றன. ஹெல்மெட்டோடு வயர் திருகிப் பூட்டப்பட்டிருந்தால் ஓட்டுநர் பாதி எழுந்து நிற்கும்போது கழுத்து பின்னுக்கு இழுபடும். தொழில்நுட்பச் சோதனைக்கு முன் முழு உடையில், ஹெல்மெட்டோடு, வயரை மாட்டியே அந்தப் பயிற்சியைச் செய்து பாருங்கள்.

தெற்குநோக்கி

வயர் விஷயம் சரி. ஆனால் அந்தச் சாலை ஓரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதைத் திரும்பப் படித்தேன்: இடப்பாதிக்கு நடுவில் ஓடுவது, லாரி சாலை நடுவிலுள்ள இரட்டைக் கோட்டை உரசிக்கொண்டு வராதவரைதான் சரி. அப்படி வந்தால் இடம் கொடுத்தே ஆகவேண்டும். அதனால்தான் முன்வண்டி 300 மீட்டராவது முன்னால் போய், லாரி கோட்டுக்கு எந்தப் பக்கம் என்றும் சொல்ல வேண்டும்.