ரூலெட்: சிவப்பு, கறுப்பு பாதிக்குப் பாதிதானே?

அல்சூர்வாசி, பெங்களூரு:
அடுத்த மாசம் ஆபீஸ் நண்பர்களோட கோவா போறோம், அங்க கேசினோவுல ரூலெட் (சுத்துற சக்கரத்துல பந்து எந்தக் குழியில விழும்னு பந்தயம் கட்டுற ஆட்டம்) ஆடலாம்னு இருக்கோம். சிவப்புல 100 ரூபாய் கட்டி, தோத்தா இரட்டிப்பாக்கிட்டே போனா நஷ்டமே வராதுங்கிறாங்க. சரியா?

கணக்குவாத்தி:
பாதிக்குப் பாதி இல்லைங்க. ஐரோப்பியச் சக்கரத்துல 37 குழி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண்: 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒரு பச்சைப் பூஜ்யம். ஒற்றை எண்ணுல கட்டி ஜெயிச்சா 35 மடங்கு, கூடவே கட்டின காசும் திரும்ப வரும். 37 எண்ணுலயும் நூறு நூறா வைங்க: போட்டது 3,700, வருவது 3,600. அந்த 100தான் கேசினோவோட பங்கு, 2.70%. ரெண்டு எண்ணுக்கு நடுக்கோட்டுல வச்சா 17, மூணு எண் வரிசைக்கு 11, நாலு எண் கூடுற மூலைக்கு 8, டஜனுக்கு 2 மடங்கு. எப்படி மாத்தி வச்சாலும் அதே 2.70%தான்.

மல்லேஸ்வரம்72:
இரட்டிப்பு முறை ரொம்ப ஆபத்து, தயவுசெஞ்சு வேண்டாம். 100, 200, 400ன்னு ஏழு தடவை தொடர்ந்து தோத்தா 12,700 போயிடும். இது சுமார் 106ல ஒரு வாய்ப்பு, ஒரே ராத்திரியில நடக்கக்கூடியது. எட்டாவதுக்கு 12,800 வேணும். அந்த மேசையில ஒரு தடவைக்குக் கட்டக்கூடிய உச்சவரம்பு 10,000ன்னா அங்கேயே முடிஞ்சது. ஜெயிச்சிருந்தாலும் லாபம் வெறும் 100.

கணக்குவாத்தி:
இன்னொண்ணு. உட்காரும் முன்னாடி சக்கரத்தைப் பாருங்க. இரட்டைப் பூஜ்யம் இருந்தா குழி 38, இழப்பு 5.26%. அதுல 0, 00, 1, 2, 3 சேர்த்துக் கட்டுற பந்தயம் 7.89%, அதைத் தொடவே தொடாதீங்க.