கிரின்டெல்வால்ட் ஃபர்ஸ்ட்: ஸ்கீயிங் தெரியாத குடும்பத்துக்கு ஒரு நாள் (ஜிப்லைன் எடை வரம்பு, ஸ்லெட்ஜ், வயதானவர்கள்)

கேட்பவர்: வெள்ளாற்றங்கரை

பிப்ரவரி இரண்டாம் வாரம் சுவிஸ் பயணம், கிரின்டெல்வால்டில் இரண்டு இரவு. எங்கள் ஐந்து பேரில் யாருக்கும் ஸ்கீயிங் தெரியாது, கற்றுக்கொள்கிற எண்ணமும் இல்லை. ஒரு முழு நாளை ஃபர்ஸ்ட் மலைக்கு ஒதுக்கியிருக்கிறோம். பையனுக்கு 16 வயது. பெண்ணுக்கு 12, எடை 33 கிலோ. அம்மாவுக்கு 66, முழங்கால் வலி உண்டு, புடவைதான் கட்டுவார்.

1. ஃபர்ஸ்ட் ஃப்ளையருக்கு (கம்பியில் தொங்கியபடி சறுக்கிப் போகும் ஜிப்லைன்) குறைந்தது 35 கிலோ என்கிறார்கள். ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்தால் பெண் தேறிவிடுவாள் அல்லவா?
2. நாங்கள் கம்பியில் போகும்போது அம்மா என்ன செய்வார்?
3. மவுண்டன் கார்ட் (மலைச்சரிவில் இறங்கும் சக்கர வண்டி), பனி சைக்கிள், ஸ்லெட்ஜ் (உட்கார்ந்து பனியில் சறுக்கும் பலகை வண்டி) இவற்றில் எது புதியவர்களுக்குச் சரிப்படும்?

பதில்: கம்பிவடம்

முதலில் எடை விஷயம். உடுப்பைச் சேர்த்து 35ஐத் தொட வைக்கும் கணக்கு வேண்டாம். ஃப்ளையரில் மோட்டார் கிடையாது. ஃபர்ஸ்ட்டிலிருந்து அதற்குக் கீழே உள்ள ஷ்ரெக்ஃபெல்ட் நிலையம் வரை 800 மீட்டர் கம்பி, உங்கள் எடைதான் இழுத்துப் போகிறது. கனமானவரைக் காற்று அவ்வளவாகத் தடுக்காது, அவர் 84 கிலோமீட்டர் வேகம் வரை போவார். எடை குறைந்தவருக்கு அதே எதிர்காற்று பெரிய தடை. கடைசிப் பகுதியில் கம்பி தொய்ந்து சரிவு குறைகிற இடத்தில் வேகம் செத்து, நிலையத்துக்குச் சில மீட்டர் முன்பே நின்றுவிடலாம். பிறகு ஊழியர் வந்து இழுத்துச் சேர்க்க வேண்டும். ஆபத்தில்லை, ஆனால் அந்தக் குளிரில் 12 வயதுப் பிள்ளை அந்தரத்தில் தொங்கிக் காத்திருப்பது வேடிக்கையும் இல்லை. மேல் வரம்பு 125 கிலோ. அது பிரேக்குக்காக: முனையில் உள்ள ஸ்பிரிங்குகள் எவ்வளவு வேகத்தையும் கனத்தையும் சேர்த்து வாங்கும் என்பதற்கு அளவு உண்டு.

அவளுக்கு ஃபர்ஸ்ட் கிளைடரைப் பாருங்கள். கழுகு வடிவச் சட்டத்தில் நான்கு பேர் குப்புறப் படுத்த நிலையில் ஒன்றாகப் போவது. ஷ்ரெக்ஃபெல்ட்டில் ஏறுவீர்கள், பின்னோக்கி ஃபர்ஸ்ட் வரை இழுத்துப் போய் அங்கிருந்து விடுவார்கள், இறங்கும்போது 83 கிலோமீட்டர் வேகம். சட்டம் முழுவதும் ஒரே பாரம் என்பதால் தனியாள் எடை இங்கே அவ்வளவு பிரச்சினையில்லை. உயர, வயது நிபந்தனைகளைக் கவுன்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃப்ளையரில் உடம்பைத் தாங்கும் பட்டைக்கட்டு (ஹார்னெஸ்) மாட்டும்போது தொடைப்பட்டை ஜாக்கெட்டின் மேல் போகக் கூடாது. ஜாக்கெட்டை இடுப்புக்கு மேலே தூக்கிவிட்டுப் பட்டையை இறுக்கச் சொல்லுங்கள். துணி மடிப்பின் மேல் இறுக்கினால் உட்கார்ந்ததும் தளர்ந்து, பிரேக் பிடிக்கும்போது ‘டக்’கென்று இடுப்பில் இடிக்கும். கீழ் நிலையம் நெருங்கும்போது தலையைப் பின்னால் சாய்த்து, கால்களை முன்னால் நீட்டி வையுங்கள். ஸ்கார்ஃப், துப்பட்டா, தொங்கும் கயிறு எதுவும் வெளியே தெரியக் கூடாது. செல்போன் ஜிப் உள்ள பைக்குள்.

குளிரைப் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். வெளியே மைனஸ் 5 என்றால் 84 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் படுவது மைனஸ் 17 போல. பயணம் ஒரு நிமிடம்கூட இல்லை, ஆனால் அதற்கு முன் வரிசையில் அசையாமல் நிற்பதுதான் விரலை மரக்க வைக்கும். பனிக்கண்ணாடியும் உள்ளுறை வைத்த கையுறையும் இல்லாமல் போகாதீர்கள்.

பதில்: ஆரே நதி

அம்மாவைப் பற்றி நான் சொல்லுறன், இங்க சுவிஸில கனபேர் ஊரிலயிருந்து வாற பெரியாக்களைக் கூட்டிக்கொண்டு போற இடம்தான் இது.

கொண்டோலா, அதுதான் கம்பியில தொங்கிப் போற பெட்டி, கிரின்டெல்வால்ட், போர்ட், ஷ்ரெக்ஃபெல்ட், ஃபர்ஸ்ட் என்று போகும், மேல போய்ச்சேர 25 நிமிசம். நடுவில எங்கயும் இறங்கி ஏறலாம். ஃப்ளையர் உங்களைக் கொண்டுபோய் விடுறது ஷ்ரெக்ஃபெல்ட்டில, ஃபர்ஸ்ட்டில இல்லை. இதை யோசிக்காமல் அம்மாவை மேல இருத்திப்போட்டுப் போனால், பேந்து நீங்கள் திரும்ப மேல வர வேணும். எல்லாரும் ஒன்றாய் ஃபர்ஸ்ட்டுக்குப் போய் மேல உள்ளதை முடியுங்கோ. நீங்கள் ஃப்ளையர் வரிசைக்குப் போகேக்க அம்மா ஆரும் ஒராளோட கொண்டோலாவில ஒரு நிலையம் கீழ இறங்கி ஷ்ரெக்ஃபெல்ட் சாப்பாட்டுக்கடையில இருக்கட்டும். கிளைடரும் அங்கதான்.

ஃபர்ஸ்ட்டில பாறைச் சுவரை ஒட்டிப் போற கிளிஃப் வாக் நடைபாலத்துக்குத் தனிக் காசு இல்லை. ஆனால் தளம் கம்பிவலை, கீழ பள்ளம் அப்பிடியே தெரியும். தலைசுத்து உள்ள ஆக்களுக்கு வேண்டாம். புடவை கட்டலாம், உள்ளுக்குத் தேர்மல் காற்சட்டை, காலுக்கு அடி பிடிக்கிற சப்பாத்து கட்டாயம். செருப்போட வந்து ஃபர்ஸ்ட் வாசலிலேயே வழுக்கிறதுதான் கூடுதலா நடக்கிறது.

பாக்ஆல்ப்சே வாவிக்கு ஒரு மணித்தியால நடை. பாதையைத் தட்டையாக்கி வைச்சிருப்பினம், குளிர்கால நடைபாதைக்கு இளஞ்சிவப்புக் கம்பம் அடையாளம். ஆனால் தண்ணியில மலை தெரியிற படத்தைப் பார்த்திட்டுப் போகாதேங்கோ. பிப்ரவரியில வாவி உறைஞ்சு பனி மூடி வெறும் வெள்ளை வெளியாத்தான் கிடக்கும். அந்த முழங்காலுக்கு அந்தத் தூரம் வீண்.

கேட்பவர்: வெள்ளாற்றங்கரை

நன்றி. அம்மாவின் திட்டத்தை அப்படியே மாற்றிக்கொள்கிறோம். ஸ்லெட்ஜ், பனி சைக்கிள் பற்றி யாராவது? டிக்கெட்டை இங்கிருந்தே முன்பதிவு செய்யட்டுமா?

பதில்: மூன்றாவது வளைவு

மவுண்டன் கார்ட்டை மறந்துவிடுங்கள், அது கோடைக்கு. டிக்கெட்டில் அவசரம் வேண்டாம். ஃபர்ஸ்ட்டில் காற்றுதான் முதலாளி. தெற்கிலிருந்து ஃபோன் (Föhn) என்கிற வறண்ட, வெதுவெதுப்பான மலைக்காற்று வீசினால் வெயில் அடித்தாலும் ஃப்ளையரை நிறுத்துவார்கள், சில நாள் கொண்டோலாவே ஓடாது. காலையில் எந்தெந்த வசதி திறந்திருக்கிறது என்ற பட்டியலை இணையத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான சுவிஸ் பாஸ் கொண்டோலாவுக்குத்தான் தள்ளுபடி தரும், சாகச விளையாட்டுகளுக்குத் தனிக் கட்டணம்.

பனி சைக்கிளுக்கு அந்த ஊரில் பெயர் வெலோகெமெல். 1911இல் அங்கேயே காப்புரிமை பெற்ற மர வண்டி. சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டைகள், பெடலும் இல்லை பிரேக்கும் இல்லை. முன்கட்டையை ஹேண்டில்பாரால் திருப்பலாம், நிறுத்துவது இரண்டு காலாலும்தான். இறுகிய பனியில் அழகாகப் போகும், புதிதாகக் கொட்டிய பனியில் முன்கட்டை புதைந்து ஆளைக் கவிழ்த்துவிடும். பையனுக்குச் சரி, அதுவும் முதலில் மட்டமான இடத்தில் பழகிய பிறகு.

மற்றவர்களுக்கு மர ஸ்லெட்ஜ். ஊரில் விளையாட்டுக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும், ஹெல்மெட்டும் சேர்த்துக் கேளுங்கள். ஃபவுல்ஹார்ன் சிகரத்திலிருந்து 15 கிலோமீட்டர் இறங்கும் பிக் பின்டன்ஃப்ரிட்ஸ் என்ற ஸ்லெட்ஜ் தடம் ஆசை காட்டும், ஆனால் அதன் தொடக்கத்துக்கு ஃபர்ஸ்ட்டிலிருந்து ஸ்லெட்ஜை இழுத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் ஏற வேண்டும். உங்கள் குழுவுக்கு அது வேண்டாம். புஸ்ஆல்ப் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து ஊருக்கு இறங்குங்கள், அதே தடத்தின் கீழ்ப்பாதிதான்.

இடப்பக்கம் திரும்ப இடது உள்ளங்காலைப் பனியில் அழுத்தி, கயிற்றை இடப்பக்கம் இழுக்க வேண்டும். வேகம் குறைக்க இரண்டு பாதங்களையும் தட்டையாக, கட்டைகளை ஒட்டி வைத்து அழுத்துங்கள். குதிகாலைக் குத்தினால் பனித்தூள் முழுதும் முகத்தில் அடித்துக் கண்ணை மறைத்துவிடும். நிற்கவே வேண்டுமென்றால் பின்னால் சாய்ந்து, கயிற்றைப் பிடித்து முன்பக்கத்தைத் தூக்குங்கள். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், உள்ளே போன பிறகு பிடித்தால் பக்கவாட்டில் வழுக்கும். தலை முன்னால் வைத்துப் படுத்துப் போகவே கூடாது.

மதியம் உருகிய பனி நாலு மணிக்கு மேல் நிழல் வளைவுகளில் ஐஸாகிவிடும். இரண்டு மணிக்கு முன் புறப்படுங்கள். கிரின்டெல்வால்ட் 1,034 மீட்டர்தான், வெதுவெதுப்பான வாரத்தில் தடத்தின் கடைசிப் பகுதியில் பனியே இருக்காது. பஸ் ஏறும் முன் தடம் எதுவரை திறந்திருக்கிறது என்று கேளுங்கள். இல்லையென்றால் ஸ்லெட்ஜைத் தோளில் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் நடக்க வேண்டியதுதான்.